படியும் பாடமும்

தமிழிலே 'படி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வீட்டுக்குள் ஏறும் படி ஒன்று. நெல் அளக்கும் படி ஒன்று. நூலைப் படி என்று ஏவும் வினை ஒன்று. ஒரு நூலைப் பார்த்து மற்றொன்று எழுதிக்கொண்டால் அதுவும் படியே. இவற்றுள் இறுதியிற் கூறிய படி இல்லையாயின், அதற்கு முன் கூறிய படிப்பும் நமக்கு இல்லை. பாட்டுக் கட்டிய புலவன் மறைந்தான்; அவன் காலத்து ஓலையும் செல்லுக்கு இரையாயிற்று. ஆயினும் படிக்கு ஒரு படி, அப்படிக்கு மற்றொரு படி எனப் பெயர் தெரியாத பலர் எழுதி எழுதி வைத்தமையாலன்றோ சங்கநூல்கள் நம் கைக்கு எட்டின!

இக்கட்டுரை ஓலைப்படியைப் பற்றியது மட்டுமன்று. கணினியிலே நாம் எழுதும்போது, நம்மைக் கேளாமலே தாமாகத் தோன்றி நிற்கும் படிகளைப் பற்றியது. அவற்றைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிட்டுப் பின்னர் வருந்திய ஒருவனுடைய வாக்குமூலம் என்றும் வாசகர் இதனைக் கொள்ளலாம்.

நமுனுகுலைச் சாரலிலே

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்வோர்க்கு நமுனுகுலை மலை கண்ணுக்கு இனிய காட்சி. 2,036 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் சாரலெங்கும் தேயிலை. தேயிலை உள்ள இடமெல்லாம் லயம். லயம் உள்ள இடமெல்லாம் பாட்டு. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டும், கங்காணியை எள்ளிப் பாடும் பாட்டும் இம்மலைநாட்டுத் தமிழர் தம் நெஞ்சிலே சுமந்துவந்த செல்வங்கள். ஏட்டில் ஏறாதவை அவை. பாடுவோர் மறைந்தால் பாட்டும் மறையும்.

சில ஆண்டுகளாக யான் அப்பாடல்களைத் திரட்டி வருகின்றேன். கீழைத்தேயக் கல்லூரியிலே இலக்கணமும் உரைநடையும் கற்றபோது இப்பாடல்களை எவரும் எமக்குக் கற்பித்திலர், யாமும் கேட்டிலேம். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அக்குறை எனக்கு உறைத்தது. என்னிடம் பயின்று, பின்னர் பல்கலைக்கழகம் சென்று, இப்பொழுது கணினி கற்பிக்கும் ஆசிரியராக இருக்கும் இளைஞர் ஒருவர் துணைக்கு வந்தார். பழைய மடிக்கணினி ஒன்றிலே 'ஈமாக்ஸ்' என்னும் எழுதுகருவியை அமைத்து, அதிலே தமிழ் தட்டெழுதவும் எனக்குப் பழக்கினார். அலங்காரம் யாதும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் எழுதவும் திருத்தவும் பயன்படும் செயலி அது. 1970களில் அமெரிக்காவிலே தோன்றி, 1985 முதல் எல்லார்க்கும் பொதுவான உடைமையாக வழங்கி வருவது.

2022 ஆம் ஆண்டு நாடு மின்சாரமின்றித் தவித்ததை எவரும் மறந்திரார். மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையும் மின்வெட்டு நிகழ்ந்த காலம். அந்நாள்களில் ஒரு மாலைப்பொழுதிலே, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் லயத்து அறையிலே அமர்ந்து, தம் தாயார் பாடிய ஒப்பாரியைப் பாடினார். யான் தட்டெழுதிக்கொண்டே இருந்தேன். பாட்டு நடுவழியிற் செல்லும்போது மின்சாரம் நின்றது. மடிக்கணினியின் மின்கலமோ முன்னரே செத்தது. திரை இருண்டது. சேமிக்கும் கட்டளையை யான் ஒருமுறையேனும் இட்டிருக்கவில்லை.

"மறுபடி பாடுறேன் வாத்தியாரையா. ஆனா அதே மாதிரி வராது" என்றார் மூதாட்டி.

"பதற வேண்டாம் சேர், அது தானாக எழுதி வைத்திருக்கும்" என்றார் இளைஞர்.

மின்சாரம் மீண்டதும் அவர் அக்கோப்பைத் திறந்து மீட்புக் கட்டளை ஒன்றை இட்டார். யான் எழுதியவற்றுள் கடைசி இரண்டடி நீங்கலாக அனைத்தும் திரையிலே வந்து நின்றன. அதனைச் சேமித்து, பென் டிரைவ் ஒன்றிலும் ஒரு படி எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்ட பின்னரே இளைஞர் மூதாட்டியை மேலே பாடுமாறு வேண்டினார். அச்சிறு செயல் பிற்காலத்தில் எவ்வளவு பெரிதாகும் என்பதை அன்று எம்மில் ஒருவரும் அறிந்திலேம்.

இருவகைப் படிகள்

தாமாகத் தோன்றும் படிகள் இருவகைப்படும். அவ்வேறுபாட்டை அறியாதவன் இரண்டையும் இழப்பான் என்பதனால் சிறிது விரித்துரைப்பேன்.

முதலாவது, நாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுவது. ஈமாக்ஸ் ஏறத்தாழ முந்நூறு தட்டல்களுக்கு ஒருமுறையும், நாம் கைவிரலை எடுத்து அரை நிமிடம் போல வாளாவிருந்தாலும் இப்படியை எழுதிக்கொள்ளும். கோப்பின் பெயருக்கு முன்னும் பின்னும் '#' என்னும் குறியிட்டு அதே உறையில் அது வைக்கப்படும். நாமே முறையாகச் சேமித்தவுடன் அது நீங்கிவிடும். எதிர்பாராத விபத்துக்கென்று அமைந்த இதன் ஆயுள் குறுகியது.

இரண்டாவது, திருத்தத் தொடங்குமுன் கோப்பு எந்நிலையில் இருந்ததோ அந்நிலையைக் காப்பது. பெயரின் இறுதியிலே '~' என்னும் அலைக்குறி இருந்தால் அது இவ்வகை. கோப்பொன்றைத் திறந்து முதன்முறை சேமிக்கும்போது, பழைய நிலை அலைக்குறியோடு ஒதுக்கி வைக்கப்படும். அன்று அதன்பின் நூறுமுறை சேமித்தாலும் இப்படி மாறாது. ஆகவே இது 'சற்று முன்னர்' இருந்த நிலையன்று. 'இன்று கைவைக்குமுன்' இருந்த நிலை. இதனை அறியாமல், ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு படி இருக்கும் என்று நம்பி ஏமாந்தோர் பலர்.

ஒரே அலைக்குறிப்படி மட்டும் இருந்தால், நாளை மீண்டும் திறந்து திருத்தும்போது நேற்றைய படியின்மேல் இன்றைய படி அமர்ந்துவிடும். அதனைத் தவிர்க்க எண்ணிட்ட படிகளை வைக்குமாறு கட்டளையிடலாம். 1, 2, 3 என எண் ஏறும். எல்லையின்றிப் பெருகாதபடி, மிகப் பழைய இரண்டையும் மிகப் புதிய இரண்டையும் வைத்துக்கொண்டு இடைப்பட்டவற்றை நீக்குவது ஈமாக்ஸின் இயல்பான ஒழுங்கு. இவ்விதியை வகுத்தோர் தமிழ்ப் பதிப்பாசிரியர் அல்லர். ஆயினும் பதிப்பாசிரியனுக்கு வேண்டிய அறிவு இதனுள் இருக்கின்றது. புதிய படி நேற்றைய பிழையைத் திருத்த உதவும்; பழைய படி மூலம் எது என்று காட்டும்.

ஏனைய கருவிகளும் தத்தம் வழியிலே இப்பணியைச் செய்கின்றன. 1991இல் வெளியான 'விம்' என்னும் கருவி, இருநூறு எழுத்துகளுக்கொருமுறை, அல்லது நான்கு நொடி ஓய்ந்திருந்தால், கண்ணுக்குத் தோன்றாத மறைகோப்பொன்றில் எழுதிவைக்கும். பழைய நிலையைக் காக்கும் நிலையான படியை நாம் கேட்டாலன்றி வைக்காது. அலுவலகங்களில் வழங்கும் வேர்ட், லிப்ரே ஆபிஸ் போன்றவை பொதுவாகப் பத்து நிமிடத்துக்கொருமுறை மீட்புப்படி எடுக்கும் வண்ணம் அமைந்தவை. பத்து நிமிடத்திலே ஒரு தாலாட்டு முழுதும் பாடி முடிந்துவிடும் என்பதனை எண்ணி, அக்கால அளவைக் குறைத்துக்கொள்வது நன்று.

யான் செய்த பிழை

மூதாட்டியின் ஒப்பாரி முழுதும் கணினியில் ஏறிற்று. அடுத்த சில மாதங்களில் அதனுடன் நாற்பது பாடல்கள் வரை சேர்ந்தன. அப்பொழுது எனக்குள் இருந்த பண்டிதன் விழித்துக்கொண்டான்.

மூதாட்டி 'பெரட்டு' என்று பாடிய இடத்தை 'அணிவகுப்பு' என்று திருத்தினேன். 'லயம்' என்பதைத் 'தொடர்மனை' ஆக்கினேன். 'கவ்வாத்து' என்பது 'கிளை தறித்தல்' ஆயிற்று. 'தொரை' என்பது 'துரை' ஆகி, 'ராசா' என்ற விளி 'அரசே' என்று மாறிற்று. சிதைந்த சொல்லைச் செப்பஞ் செய்வதாகவே எண்ணினேன். மாதக்கணக்கில் திறந்து திறந்து திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அச்செயலி தன் கடமையைச் செய்தது. இளைஞர் எண்ணிட்ட படிகளை வைக்குமாறு முன்னரே ஒழுங்கு செய்திருந்தார். ஆதலின் மூதாட்டி பாடியவாறே இருந்த முதற்படி, எண் ஒன்றைத் தாங்கி, உறையின் ஒரு மூலையிலே எனக்காகக் காத்திருந்தது.

ஒருநாள் உறையைத் திறந்து பார்த்தேன். பாடல்கள் நாற்பது, கோப்புகளோ இருநூறு. அலைக்குறியும் எண்ணுமாக நிறைந்திருந்த அக்காட்சி, தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்காத வீடு போலத் தோன்றிற்று. கூட்டிப் பெருக்கினேன். அலைக்குறி தாங்கியவற்றை எல்லாம் அழித்தேன். கணினியின் குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினேன். அன்றிரவு மனநிறைவோடு உறங்கினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு மூதாட்டி காலமானார். அதன்பின் எம் இலக்கிய வட்டத்திலே அவ்வொப்பாரியை வாசித்தேன். மலைநாட்டுப் பாடல்களில் தோய்ந்த நண்பர் ஒருவர் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "பண்டிதரே, இலக்கணம் இருக்கிறது; அழுகை இல்லையே" என்றார். வீடு திரும்பி மூலத்தைத் தேடினேன். மூலம் இல்லை. அதனை அழித்தவன் யானே.

கரிவலம்வந்தநல்லூர்

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த வரலாற்றிலே கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சி தமிழாசிரியர் பலரும் அறிந்தது. கோயிலிலே பழைய ஏடுகள் இருந்தன என்று கேட்டுச் சென்ற ஐயரிடம், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகவும், அது விதிப்படி செய்ததே என்றும் அங்கிருந்தோர் கூறினர். இந்நிகழ்ச்சியை வகுப்பிலே பல ஆண்டு கூறியிருக்கிறேன். கூறும்போதெல்லாம் அவ்வூரார்மீது சினமும் கொண்டிருக்கிறேன். இப்பொழுது அச்சினம் எங்கே சென்று சேர வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பழைய ஏட்டை நீக்குவது தவறன்று. புதிதாகப் படியெடுத்து, மூலத்தோடு ஒப்புநோக்கி, பிழையில்லை எனக் கண்டபின் நைந்த ஏட்டை நீக்குவது முன்னோர் அறிந்த முறையே. அம்முறையின் முதற்பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் செய்ததே கேடு. யானும் அதனையே செய்தேன். நெய் மட்டும் வார்க்கவில்லை.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அழிந்துகொண்டிருந்த ஏடுகளுக்கு அச்சு என்னும் புதிய படியைத் தந்தவர் அவர். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த ஐயரோ, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைத் தம் விருப்பப்படி ஒதுக்காமல் பாடபேதமாகக் குறித்து வைத்தார். தமக்குச் சரியென்று தோன்றாத பாடமும் பின்வருவோர்க்குப் பயன்படலாம் என்னும் பணிவு அது. எண்ணிட்ட படிகளை வைக்கும் கருவியும் இப்பணிவையே தன் இயல்பாகக் கொண்டிருக்கின்றது. பணிவற்றுப் போனவன் அதனைக் கையாண்டவனே.

ஒரே இடத்தில் உள்ள படி

படி இருந்தால் மட்டும் போதாது. அது மூலத்தோடு ஒரே இடத்தில் இருத்தலாகாது. 1981 மே 31 இரவிலே மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றுடன் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திலே படி இருந்தவை பின்னர் மீண்டன. ஒரே படியாக இருந்தவை மீளவில்லை. அவ்விழப்பின் நினைவு மாறாத நாட்டிலேதான் 2005இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலக முயற்சி எழுந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிப்படியாக்கி உலகெங்கும் உள்ளோர் வாசிக்கச் செய்யும் பணி அது.

ஊவாவில் வாழ்வோர்க்கு யாழ்ப்பாணம் வரை சென்று பாடம் கேட்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையிலே கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியது. மனித உயிர்களின் முன் ஏனையவற்றை இழப்பெனச் சொல்ல நாக்கூசும். ஆயினும் லயத்துக் குடும்பமொன்றின் தகரப்பெட்டியிலே இருப்பவை எவை என்பது எமக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழ், தாத்தாவின் ஒரே நிழற்படம்.

இம்மக்களுக்குத் தாளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்த பாட்டனுக்குப் பதிவு ஏது? தாள் இல்லாமையால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னரே முடிவாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்கதை நீண்டது. அரசின் கொள்கைக்குத் தாள் மட்டும் மருந்தன்று. எனினும் ஒரு படி கையிலே இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே கடலளவு வேறுபாடு இருந்தது. அத்தகைய மக்களின் பாட்டுக்கும் படி இல்லாமற் செய்துவிட்டேனே என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

படி காக்கும் முறை

அழிவுக்குப் பின் இளைஞரும் யானும் அமர்ந்து சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதி அவற்றைக் கூறுகிறேன்.

உறை நிறைந்து கண்ணை உறுத்துவதே அழிக்கும் ஆசைக்கு வித்து. ஆகவே தானியங்கிப் படிகள் அனைத்தும் தனி உறையொன்றிலே சென்று சேருமாறு செயலிக்குக் கட்டளையிட்டோம். ஈமாக்ஸிலும் விம்மிலும் இதற்கு வழி உண்டு. எழுதும் உறை தூய்மையாக இருக்கும்; படிகளும் அழியா.

எத்தனை படி வைப்பது என்பதை எழுதுபொருளே தீர்மானிக்க வேண்டும். கூட்ட அறிவித்தலுக்கு ஒரு பழைய படி போதும். வாய்மொழியாகக் கேட்டு எழுதியதற்கோ முதற்படியை எந்நாளும் அழித்தலாகாது. செயலி தானாக வைக்கும் படியை மட்டும் நம்பாமல், கேட்டவுடன் 'மூலம்' என்று பெயரும் நாளும் இட்டு வேறொரு கோப்பாக வைத்துவிடுகின்றோம். திருத்தமெல்லாம் மற்றொன்றிலேயே. கேட்கும்போது ஒலிப்பதிவும் செய்கின்றோம். முன்னரே செய்திருக்க வேண்டியது அது.

வாரத்துக்கொருமுறை பென் டிரைவிலே படியெடுத்து, அது வேறு ஊரிலுள்ள நண்பர் இல்லத்துக்குச் செல்கின்றது. மாதத்துக்கொருமுறை படியொன்றைத் திறந்து வாசித்துப் பார்க்கின்றோம். திறந்து பாராத படி, ஆழம் பாராத கிணறு. நீர் உண்டோ இல்லையோ என்பது தாகம் எடுத்தபின் தெரிந்து பயனில்லை.

அழிக்க வேண்டிய படிகளும் உண்டு. ஒருமுறை பாடசாலைப் பொதுக் கணினியிலே தவணைப் பரீட்சை வினாத்தாளைத் தட்டெழுதி, அச்சிட்டு, கோப்பை அழித்துவிட்டு வீடு சென்றேன். மறுநாள் மாணவன் ஒருவன், "சேர், இது உங்களுடையதா?" என்று பணிவோடு கேட்டான். அலைக்குறி தாங்கிய வினாத்தாள் திரையிலே விரிந்து கிடந்தது. கோப்பை அழித்தால் அதன் நிழலும் அழிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். அவனது நேர்மையைப் பாராட்டிவிட்டு, அன்றிரவு கண்விழித்து வேறு வினாத்தாள் எழுதினேன். பிறர் கண்ணிற் படத்தகாதவற்றின் படிகளைத் தேடிப்பிடித்து நீக்குவதும், மூலத்தின் படிகளைக் காப்பதும் ஒரே விழிப்பின் இரு பக்கங்கள். எதனையும் பாராமல் அனைத்தையும் அழிப்பதும், எதனையும் பாராமல் அனைத்தையும் குவிப்பதும் சோம்பலின் இரு பக்கங்கள்.

எஞ்சியது

மின்சாரம் நின்ற அம்மாலையிலே இளைஞர் சட்டைப்பையில் இட்ட பென் டிரைவை வாசகர் மறந்திரார். ஈராண்டு கழிந்து, அவர் வீட்டு மேசையறையிலே அது கிடைத்தது. ஒப்பாரியின் முற்பாதி, மூதாட்டி பாடியவாறே, 'பெரட்டு' என்றும் 'லயம்' என்றும் 'ராசா' என்றும் அதிலே இருந்தது. பிற்பாதி இல்லை. அது என் திருத்தத்தின் வழியே மட்டும் இன்று உள்ளது.

பிற்பாதியை நினைவிலிருந்து மீட்கலாம் என்று கருதி மூதாட்டியின் பேத்தியிடம் சென்றேன். அவரும் கொழுந்து பறிப்பவரே. மாலை நேரம், கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியிலே அமர்ந்து கேட்டார். முற்பாதியை வாசித்தபோது அவர் கண் கலங்கிற்று. பிற்பாதியை வாசித்தேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இது ஆத்தா பாடுனது இல்லிங்கய்யா. வாத்தியாரு பாடுனது" என்றார். அவருக்கும் பிற்பாதியின் சொற்கள் நினைவில் இல்லை.

தொகுப்பு அச்சுக்கு ஆயத்தமாகின்றது. அவ்வொப்பாரியை இரு பகுதியாகப் பிரித்து, முற்பகுதிக்கு 'மூதாட்டி பாடியது' என்றும், பிற்பகுதிக்கு 'வாத்தியார் பாடியது' என்றும் தலைப்பிட்டிருக்கிறேன். அத்தலைப்பு ஏன் வந்தது என்பதை முன்னுரையிலும் எழுதியிருக்கிறேன். அம்முன்னுரையின் முதற்படியை இன்னும் அழிக்கவில்லை.